எட்டுத் துண்டுகள்

கண்ணால் கண்டதை மனிதன் மறந்துவிடுவான், காதால் கேட்டதையும் மறந்துவிடுவான், நாவால் சுவைத்ததை மட்டும் சாகும்வரை மறக்கமாட்டான் என்று எங்கள் ஆச்சி சொல்வதுண்டு. ஆச்சி சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் அறிந்துகொண்டது என்னுடைய 56ஆவது வயதில், ஒரு கேக்கைத் தேடி அலைந்தபோது. அந்த அலைச்சலின் கதையை இங்கே எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா முடிந்து, கடைத்தெருவின் பந்தல்கள் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. என் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டு, அறுவை சிகிச்சை செய்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பணியில் இருந்தேன். சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிச் சென்று அவளைப் பார்த்து வருவேன். மருந்து அவளுடைய நாக்கைக் கெடுத்திருந்தது. சோறு மண்ணாக இருக்கிறது என்பாள், மீன்குழம்பு இரும்பாக இருக்கிறது என்பாள். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. 66 வயதில் அவள் உடல் ஒரு சிறுமியின் உடல்போல் ஆகிவிட்டது.

அன்று நான் வாங்கிச் சென்ற ஆரஞ்சுப் பழங்களை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "தம்பி, அந்தக் கொழும்பு கேக் ஒரு துண்டு கிடைத்தால் தின்னலாம்போல இருக்கு."

என் அக்கா எதையும் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவள். எனக்குத் தெரிய அவள் தனக்காகக் கேட்ட முதல் பொருள் அதுதான். "நாளைக்கே கொண்டுவருகிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அந்தக் கேக் விற்ற ரொட்டிக்கடை மூடப்பட்டு 14 ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது நினைவுக்கு வந்தது.

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் உப்பை நினைப்பார்கள். அதற்கடுத்து மக்ரூனை நினைப்பார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றையும் கொண்டு, காகிதக் கூம்பில் அடைத்துப் பிழிந்து, உச்சியில் சிறு கூரோடு நிற்கவைத்து, தணிந்த சூட்டில் இரவெல்லாம் உலரவிட்டு எடுக்கும் பண்டம் அது. வாயில் இட்டால் நொறுங்கும், பிறகு கரைந்து காணாமற்போகும். ஐரோப்பாவில் வாதுமைப்பருப்பைக் கொண்டு செய்வதை நம் ஊரில் முந்திரியைக் கொண்டு செய்தார்கள். அந்த முந்திரியும் நம் மண்ணில் பிறந்ததன்று. பிரேசில் நாட்டு மரமான அதனைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். சாவியும் சன்னலும் மேசையும் அலமாரியும் அவர்களுடைய மொழியிலிருந்து நம் வீட்டுக்குள் வந்து நம் சொற்களாகிவிட்டதைப்போல், முந்திரியும் நம்முடையதாகிவிட்டது.

நான் சொல்லும் ரொட்டிக்கடையும் மக்ரூனுக்குப் பெயர்பெற்ற கடைதான். முன்புறம் கண்ணாடி அலமாரி. பின்புறம் செங்கல்லால் கட்டிய பெரிய விறகு அடுப்பு. மாலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே வெந்த மாவின் மணம் வந்து ஆளைத் தழுவிக்கொள்ளும். ஆயினும் எங்கள் வீட்டுக்கு அந்தக் கடையிலிருந்து வந்த பண்டம் மக்ரூன் அன்று. ஆண்டுக்கு ஒரு முறை, கிறிஸ்மசுக்கு முந்தின இரவு, அப்பா ஒரு ராத்தல் கேக் வாங்கிவருவார். வெளியே கருஞ்சிவப்பாக மொறுமொறுப்பும், உள்ளே பொன்னிறமாக ஈரப்பதமும் கொண்ட கேக். பன்னீரும் ஜாதிக்காயும் கலந்த மணம். நறநறவென்று பல்லில் அகப்படும் முந்திரி. கடையில் அதற்குக் "கொழும்பு கேக்" என்று பெயர்.

அப்பா துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்குக் கணக்கு எழுதிவந்தார். 1966இல் எங்கள் அம்மா காலமானபோது எனக்கு 4 வயது. கடைசித் தங்கைக்கு 1 வயது. மூத்தவளான அக்காவுக்கு 14. அவள் படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கு மறுநாளிலிருந்து போகவில்லை. யாரும் அவளைப் போகவேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை. போகச் சொன்னதாகவும் நினைவில்லை. காலையில் எழுந்தோம், அக்கா குசினியில் இருந்தாள். அவ்வளவுதான். ஆறு பிள்ளைகளில் ஐவரை அவள் வளர்த்தாள். ஐவருக்கும் திருமணம் முடிந்தபோது அவளுக்குத் திருமண வயது கடந்திருந்தது.

கேக்கை வெட்டுவதும் அவள் பொறுப்பே. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, பனியில் நனைந்து வீடு திரும்பி, விளக்கைச் சுற்றி உட்காருவோம். கேக்கின் அடியில் ஒட்டியிருக்கும் தாளை முதலில் உரித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு கத்தியை வெந்நீரில் நனைத்து, அளந்து எட்டுத் துண்டுகளாக வெட்டுவாள். ஒரு துண்டு மற்றொன்றைவிட நூல் அளவும் பெரிதாக இராது. பங்கு வாங்கிய பிறகு அவள் அந்தத் தாளில் ஒட்டியிருக்கும் கருகிய துகள்களைக் கரண்டியால் சுரண்டித் தின்பாள். "எனக்குக் கொஞ்சம் தா அக்கா" என்று கை நீட்டினால், "தாளில் ஒட்டினதுதான் ருசி. இது எனக்கு மட்டும்" என்பாள். அவளுக்கு அது அத்தனை விருப்பம் என்று எண்ணிப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

2004இல் கடையின் உரிமையாளர் இறந்தபின், வாரிசுகள் கட்டிடத்தை விற்றுவிட்டனர். இப்போது அங்கே கைப்பேசி விற்கிறார்கள். அடுப்பு இருந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது.

தேடலை நான் எளிதாகவே எண்ணினேன். ஊரில் ரொட்டிக்கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு கடையில் பிளம் கேக் தந்தார்கள், இன்னொன்றில் ரவா கேக் தந்தார்கள், மூன்றாவது கடையில், "கொழும்பு கேக்கா? ஆர்டர் கொடுத்தால் பெயர் எழுதித் தருகிறோம்" என்று கிரீம் பூசிய கேக்கைக் காட்டினார்கள். நான்கு வாரங்களில் ஏழு வகைக் கேக்குகள் அக்காவின் கட்டிலருகே வந்தன. அவள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஓரத்தை மட்டும் கிள்ளி நாக்கில் வைப்பாள். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனால் இது அது இல்லை" என்பாள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு தின்றார்கள். ஏழு முறையும் அவள் ஓரத்தை மட்டுமே கிள்ளினாள் என்பதை நான் கண்டேன், கண்டும் காணாதிருந்தேன்.

வழி திறந்தது ஒரு கேள்வியால். செப்டம்பர் இறுதியில் ஒரு மக்ரூன் கடையின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் முட்டைகளை உடைத்து, வெள்ளையை ஒரு பாத்திரத்திலும் மஞ்சளை மற்றொரு பாத்திரத்திலும் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கை மிகுந்த கவனத்தோடு இயங்கியது. மஞ்சளில் ஒரு துளி கலந்தாலும் வெள்ளை சரியாக நுரைக்காது, மக்ரூன் எழும்பாது. அந்த மஞ்சள் பாத்திரம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை மஞ்சள் கருவையும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"கேக்குக்குப் போகும், பிஸ்கட்டுக்குப் போகும் சார். மிஞ்சினதை ஓட்டல்காரங்க வாங்கிக்குவாங்க" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "நான் முதல்ல வேலை பார்த்த கடையில ஒரு மேஸ்திரி இருந்தார். கிறிஸ்மஸ் வாரத்துல மஞ்சளை ஒரு சொட்டு வெளியே விடமாட்டார். எல்லாத்தையும் போட்டு ஒரு கேக் போடுவார். கொழும்பு கேக்னு பேரு."

அவர் முதலில் வேலை பார்த்த கடை, எங்கள் கடை. மேஸ்திரி உயிரோடு இருந்தார். திருச்செந்தூர் சாலையில் பழையகாயலில் மகன் வீட்டில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கண்டேன். 78 வயது. பார்வை மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் நெடுநேரம் சிரித்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கேக்கை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டேன்.

அவருடைய தந்தை பிழைப்புத் தேடிக் கொழும்புக்குச் சென்றவர். இவர் 12 வயதிலேயே அங்கே ஒரு ரொட்டிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். அடுப்பை இன்றும் அவர் "போறணை" என்றே சொன்னார். ரொட்டி அவருக்குப் "பாண்". கிறிஸ்மஸ் அவருக்கு "நத்தார்". மூன்றும் போர்த்துக்கீசியர் இலங்கைத் தமிழுக்கு விட்டுச்சென்ற சொற்கள். டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் பறங்கியர் வீட்டுப் பெண்கள் மாவு கலந்த தட்டுகளோடு கடைக்கு வருவார்களாம். வீட்டில் போறணை இல்லாதவர்கள் கடையில் சுட்டு வாங்கிப்போவார்கள். அப்படி வந்த ஒரு மூதாட்டிக்குத் தட்டுத் தூக்கி உதவியதில், அவர் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்த கேக் இது. அங்கே அதற்குப் பெயர் "லவ் கேக்".

"ஊருக்கு வந்து அந்தப் பேரைச் சொன்னால் முதலாளி திட்டுவார். அதனால கொழும்பு கேக்னு வைத்தேன்" என்றார்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்பது அதில் கண்ட எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையில் ஒருவராக 1968இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர் இந்த மேஸ்திரி. பெட்டியில் இரண்டு வேட்டியும், தலைக்குள் ஒரு கேக்கும் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். தூத்துக்குடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மக்ரூனுக்காக வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளைக் குறைந்த விலைக்குத் தள்ளுவதைப் பார்த்தாராம். கொழும்பில் அவர் கற்ற கேக்குக்கு வேண்டியதோ மஞ்சள் மட்டும். "முதலாளி, இது எனக்கு விடுங்க என்றேன். அப்படி ஆரம்பித்தது."

போர்த்துக்கல் நாட்டுக் கன்னியர் மடங்களில், துறவு உடைகளுக்குக் கஞ்சிபோட வெள்ளைக்கருவைச் செலவிட்டு, மிஞ்சிய மஞ்சள் கருவால் இனிப்புகள் செய்யத் தொடங்கினார்கள் என்று சொல்வதுண்டு. கடல் கடந்து வந்த அந்தச் சிக்கனம் எங்கள் ஊரிலும் ஒரு வடிவம் கொண்டிருந்தது. ஊரறிந்த மக்ரூனின் மறுபாதியைத்தான் நாங்கள் ஆண்டுக்கொரு முறை தின்றிருக்கிறோம்.

பேச்சினூடே என் அப்பாவின் அடையாளத்தைச் சொன்னேன். துறைமுகக் கணக்கர், காதில் பென்சில், மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியவர். மேஸ்திரி உடனே தலையசைத்தார்.

"தெரியும் தம்பி. 24ஆம் தேதி கடை அடைக்கிற நேரத்துக்கு வருவார். மூலையில் வைக்கிற தட்டு ஒன்று எப்போதும் அடியில் கொஞ்சம் கருகிப்போகும். போறணை அப்படி. அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கமுடியாது. பாதி விலைக்குக் கொடுத்துவிடுவோம். அவர் அதைத்தான் கேட்டு வாங்குவார்."

நான் ஒன்றும் பேசவில்லை. அப்பா அந்தக் கேக்கைத் துண்டுக்குள் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டுவந்த காட்சி கண்முன் நின்றது. எங்கள் வீட்டில் செல்வத்தின் அடையாளமாக இருந்த ஒரே பண்டம், கருகியதால் விலை குறைந்த பண்டம். அப்பா 1983இல் மறைந்தார். 15 ஆண்டுகள் அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதன் சுவை குறைந்திருக்காது என்பது வேறு.

மேஸ்திரி செய்முறையைச் சொல்ல, நான் மாணவனைப்போல் எழுதிக்கொண்டேன். கால் கிலோ ரவையை மணம் வரும்வரை மட்டும் வறுத்து, சூடு ஆறுமுன் கால் கிலோ வெண்ணெயில் பிசைந்து நான்கு மணிநேரம் ஊறவிட வேண்டும். 12 மஞ்சள் கருவை அரைக் கிலோ சீனியோடு வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். முந்திரி கால் கிலோ. பொடியாக்கக் கூடாது, கத்தியால் கொத்த வேண்டும். ஏலம், ஜாதிக்காய், எலுமிச்சையின் மேல்தோல் துருவல், இரண்டு கரண்டி தேன், பன்னீர். கொழும்பில் சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டுகளைச் சேர்ப்பார்கள். அதற்குப் "புஹுல் தோசி" என்று பெயர். இங்கே அவரே வெண்பூசணியைப் பாகில் இட்டுச் செய்துகொண்டாராம். எல்லாவற்றையும் கலந்து, தட்டில் நான்கடுக்குச் செய்தித்தாளும் அதன்மேல் வெண்ணெய் தடவிய வெள்ளைத்தாளும் விரித்து ஊற்ற வேண்டும். "தாள் இல்லாவிட்டால் அடி தீய்ந்துவிடும். மெதுவாக வேகிற கேக் இது. அவசரக்காரனுக்கு இது வராது."

நான் அவசரக்காரன். அன்றே பொருள்களை வாங்கி, பாளையங்கோட்டை வீட்டில் மின்னடுப்பில் என் மனைவியும் நானும் முயன்றோம். மற்றக் கேக்குகளுக்கு வைக்கும் சூட்டையே வைத்தோம். மேலே கரி, உள்ளே மணல். அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகக் கூசினேன். தொலைபேசியில் சொன்னபோது மேஸ்திரி, "நான் வருகிறேன், விறகு அடுப்பு பாருங்க" என்றார்.

மக்ரூன் கடையில் முட்டை பிரித்துக்கொண்டிருந்தவரே முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். அக்டோபர் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை மாலை, பேரனின் தோளைப் பற்றியபடி மேஸ்திரி வந்து இறங்கினார். விறகு அடுப்பு ஒரு நாளில் எப்படி இறங்கிவருகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். விறகு எரிந்து தணலை வாரி எடுத்தபின், கொதிக்கும் செங்கல் தளத்தில் முதலில் ரொட்டி போகும். சூடு ஒரு படி தணிந்ததும் பன். அடுத்துப் பிஸ்கட். கடைசியாக, விடியும்வரை உலர்வதற்கு மக்ரூன். பிஸ்கட்டுக்கும் மக்ரூனுக்கும் இடையே ஒரு சிறு பொழுது இருக்கிறது. அதுதான் இந்தக் கேக்கின் பொழுது.

மேஸ்திரி அடுப்பு வாயில் முழங்கைவரை கையை நீட்டி, வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். 14 எண்ணியதும் கையை இழுத்துக்கொண்டு, "இன்னும் இல்லை" என்றார். கால் மணிநேரம் கழித்து மறுபடியும் நீட்டினார். 20 வந்தது. "இப்போ வை." இரண்டு தட்டுகள். "ஒன்றை மூலையில் வைங்கடா" என்று அவரே சொன்னார். ஒன்றரை மணிநேரத்துக்குப் பிறகு தட்டுகள் வெளிவந்தபோது, அந்தப் பின்கட்டு முழுவதும் 50 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நள்ளிரவின் மணம் பரவியது. என் கண்கள் கலங்கியதற்கு விறகுப் புகையைக் காரணம் காட்டினேன். பிரித்து வைத்த 24 வெள்ளைக் கருக்களையும் கடைக்காரர்கள் மக்ரூனுக்கு எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுக்க முயன்றபோது மேஸ்திரி, "உங்க அக்கா சாப்பிட்டாங்களான்னு மட்டும் சொல்லி அனுப்புங்க" என்றார்.

இரவு 9 மணிக்கு அக்காவின் வீட்டை அடைந்தேன். மூலைத் தட்டின் கேக்கைத்தான் எடுத்துச் சென்றிருந்தேன். தாளோடு அவள்முன் வைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். குனிந்து முகர்ந்தாள். பேசவில்லை. கை தானாகத் தாளுக்குப் போயிற்று. அதை உரித்து மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி கேட்டு வாங்கி, ஒட்டியிருந்த கருகிய துகள்களைச் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"இதுதான்" என்றாள். "இதுதான் தம்பி."

வெற்றிக் களிப்போடு நான் கேக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நடுவுல இவ்வளவு மெதுவாவா இருக்கும்?"

அவள் குறையாகக் கேட்கவில்லை. புதியதொன்றைக் கண்ட குழந்தையின் வியப்பு மட்டுமே அந்தக் குரலில் இருந்தது. அந்தத் துண்டு முழுவதையும் தின்று முடித்தாள். இரண்டு மாதங்களில் அவள் மிச்சம் வைக்காமல் தின்ற முதல் உணவு அது. பிறகு தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அன்று உறக்கம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். எட்டுத் துண்டுகள். அப்பாவுக்கு ஒன்று, ஆச்சிக்கு ஒன்று. தம்பி தங்கைகளாக நாங்கள் ஐவர், ஐந்து. ஆக ஏழு. எட்டாவது துண்டு? அது வாழையிலையில் மடிக்கப்பட்டு, விடியுமுன் அடுத்த வீட்டுக்குப் போகும். பிள்ளைகள் இல்லாத ஒரு விதவைத் தாய் அங்கே தனியே வாழ்ந்தார். ஆண்டுதோறும் அந்த இலைப்பொட்டலத்தை எடுத்துச் சென்று கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் சென்னையில் இருக்கும் கடைசித் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். "நம் வீட்டில் கேக் வெட்டும்போது அக்கா பங்கு எது என்று நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். "அவளுக்குத்தான் தாளில் ஒட்டினது பிடிக்குமே" என்று உடனே சொன்னாள். அதன்பின் மறுமுனையில் நெடுநேரம் ஓசை இல்லை. மற்ற மூவரையும் அழைத்தேன். நால்வரும் ஒரே விடையைச் சொன்னார்கள். நால்வரும் அதே இடத்தில் வாயடைத்துப்போனார்கள். ஐந்து பேர், 15 கிறிஸ்மஸ்கள், ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நானோ கணக்கு ஆசிரியன்.

பாலைநிலத்தில் ஐயாயிரம் பேர் உண்டதையும், மிஞ்சியவற்றைப் பன்னிரண்டு கூடைகளில் நிரப்பியதையும் நற்செய்தியில் வாசிக்கிறோம். ஐந்து அப்பங்களைத் தன்னிடம் வைத்திருந்த அந்தச் சிறுவனுக்குப் பங்கு கிடைத்ததா என்று நான் அதுவரை கேட்டதில்லை. கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் நம் வீடுகளில் அது தானாக நிகழ்ந்துவிடுவதில்லை. யாராவது ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று மீன்தலையைத் தின்னும் தாய்மாரும், அடிச்சோற்றை வழித்துத் தின்னும் அக்காமாரும் இல்லாத வீடு நம்மிடையே ஏது? அவர்கள் அன்போடு சொல்லும் அந்தப் பொய்யை, நமக்கு வசதியாக இருப்பதால் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அக்காவிடம் இதைப்பற்றி ஒரே ஒரு முறை பேசினேன். "ஒன்பதாக வெட்டியிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"எட்டாக வெட்டினால்தான் கோடு நேராக வரும். ஒன்பது கோணலாகப் போகும்" என்றாள். அவ்வளவுதான் அவள் தந்த விளக்கம். நானும் மேலே கேட்கவில்லை.

மேஸ்திரிக்கு மறுநாளே செய்தி அனுப்பினேன். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மேற்பார்வையில் மக்ரூன் கடையார் ஆறு தட்டுகள் போட்டார்கள்; ஆறும் அன்றே விற்றுத் தீர்ந்தன. முட்டை பிரிக்கும் அந்த ஊழியர் இப்போது செய்முறையை நன்றாகப் பழகிக்கொண்டார். கையை நீட்டி எண்ணவும் அவருக்குத் தெரியும்.

அக்காவின் சிகிச்சை 2019இன் தொடக்கத்தில் முடிந்தது. நாக்கின் ருசி சிறிது சிறிதாகத் திரும்பியது. மீன்குழம்பில் புளி அதிகம் என்று குறைசொல்லத் தொடங்கியபோது, எங்களுக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் எங்களில் இயன்றவர்கள் அவள் வீட்டில் கூடுகிறோம். கத்தி இப்போது என் கையில். பிள்ளைகள், பேரர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டு, அதற்கு மேல் ஒன்று கூட்டி வெட்டுகிறேன். கோடுகள் கோணலாகத்தான் போகின்றன. அக்கா வழக்கம்போல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அந்தப் பழக்கம் போகவில்லை. இழுத்துக்கொள்ளட்டும். நடுத்துண்டு அவள் தட்டில் விழுந்த பிறகுதான் மற்றவர் தட்டுகளுக்குக் கேக் போகிறது.